காட்டுப்பன்றியும் மூன்றாவது கேள்வியும்

ஆவரங்கண்மாய் வற்றிக் கிடந்தது. சித்திரை வெயிலில் அதன் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. வடகரை இலுப்பை மரத்தடியில் விலங்குகளும் பறவைகளும் சபை கூடியிருந்தன.

அந்தச் சபையைப் பற்றி அவற்றுக்குப் பெருமை அதிகம். பக்கத்துக் கண்மாய்களில் பலமுள்ளது சொன்னதுதான் சட்டம். இங்கே அப்படி இல்லை. எந்தக் காரியமானாலும் சபையில் வைத்து மூன்று முறை கேட்க வேண்டும். தலைமை தாங்குவது, முதல் முறை தரையில் நிற்பவர்களைப் பார்த்துக் கேட்கும். இரண்டாம் முறை அண்ணாந்து கிளையில் இருப்பவர்களைக் கேட்கும். மூன்றாம் முறை குனிந்து, கண்மாய்த் தரையில் மூக்கை வைத்துக் கேட்கும். மூன்று முறையும் மறுப்பு வரவில்லை என்றால் காரியம் முடிவானது.

மூன்றாம் முறை எதற்காகக் குனிய வேண்டும் என்று யாரும் யோசித்ததில்லை. மண்ணுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துக்கொண்டன. சில தலைவர்கள் கேள்வியைக்கூட விட்டுவிட்டு, கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டு எழுந்துவிடுவதும் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டு தலைமை காட்டுப்பன்றியிடம் இருந்தது. நல்ல உழைப்பாளி. சொன்னால் செய்து முடிக்கும். அன்று அது சபையில் வைத்த காரியம் ஒரு பாதை.

"தென்கரையில ஊருணி இருக்கு. கோடையில நமக்கு அதை விட்டா வேற தண்ணி இல்லை. அதுக்குப் போக கிழக்கே இருக்கிற கீழ்க்கரை ஒண்ணுதான் வழி. கீழ்க்கரை மேல தார் ரோடு. ராப்பகலா லாரி போகுது. போன மாசம் என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றது பன்றி.

எல்லாம் புள்ளிமானைத் திரும்பிப் பார்த்தன. மான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் மூத்த குட்டி அந்த ரோட்டில்தான் லாரியில் அடிபட்டுச் செத்தது. இளைய குட்டி இப்போது தாயின் வயிற்றோடு ஒட்டி நின்றது.

"மேற்கே சுத்திப் போகலாம்னா சீமைக்கருவேல முள்ளுக்காடு. பாம்புகூட யோசிச்சுத்தான் நுழையும். காய்ஞ்ச கண்மாய்க்குள்ள இறங்கிக் குறுக்கே நடக்கலாம்னா வெடிப்புல கால் சிக்கி முறியும், நடுவுல மேல காய்ஞ்சாலும் அடியில புதைசேறு. அதனால கண்மாய்க்கு நடுவுல, இங்கேயிருந்து தென்கரைக்கு நேரா ஒரு மேட்டுப் பாதை போடுவோம். மண்ணைத் தோண்டிக் குவிக்கிறது என் கூட்டத்தோட வேலை. வேற யாரும் ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம்."

நரி எழுந்து முன்னால் வந்தது.

"தலைவர்னா இப்படி இருக்கணும். ஒரு சின்ன விஷயம் மட்டும். மழை வந்தா தரை சேறாயிரும். அதுக்கு முன்னாடி முடிச்சாகணும். இன்னைக்கே முடிவு பண்ணி நாளைக்கே வேலையைத் தொடங்கிரணும்."

"அதுவும் சரிதான்" என்றது முயல். தார் ரோட்டைத் தாண்டும்போது அதற்கும் உயிர் போய் வரும்.

பன்றி தரையில் நின்றவர்களைப் பார்த்துக் கேட்டது. "பாதை போடலாமா? யாருக்காவது மறுப்பு உண்டா?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பன்றி அண்ணாந்து பார்த்து இரண்டாம் முறை கேட்டது.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்று இலுப்பையின் உச்சிக் கிளையிலிருந்து குரல் வந்தது.

அது நத்தைகுத்தி நாரை. அதன் அலகு விசித்திரமானது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். நத்தையைப் பிடிப்பதற்கென்றே அமைந்த அலகு. ஆனால் கண்மாயில் அதற்குப் பெயர் ஓட்டைவாய்.

"ஓட்டைவாய் ஆரம்பிச்சாச்சு. இனிமே ஊருணித் தண்ணியும் வத்திப்போகும்" என்றது கீரி. சபை சிரித்தது.

நாரை சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தது. "கீழே இருக்கிறவங்களைக் கேட்டீங்களா?"

"எந்தக் கீழே?"

"இந்தத் தரைக்குக் கீழே. ஆமை, தவளை, விரால், நத்தை. தண்ணி வத்தினதும் அவங்கள்லாம் சேத்துக்குள்ள இறங்கிப் படுத்தாச்சு. மேல சேறு காய்ஞ்சு ஓடு மாதிரி ஆயிருச்சு. நீங்க தோண்டி மண் எடுக்கப்போறது அவங்க படுத்திருக்கிற இடத்துல."

நரிக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "வேடிக்கையா இருக்கே. நத்தையைத் தின்கிறவ நத்தைக்கு வக்கீலா?"

"தின்கிறவளுக்குத்தான் அவங்க இருக்கிற இடம் தெரியும். மழைக்கு அப்புறம் நான் குஞ்சு பொரிக்கணும். நத்தை இல்லாத கண்மாயில என் குஞ்சு எதைத் தின்னும்? லாரியையா?"

"அப்ப உன் வயித்துக்காகத்தான் பேசுற."

"வேற யாரு வயித்துக்காகப் பேசுவாங்க?"

பன்றி இடையில் புகுந்தது. "நாரைத்தாயி, நேரா சொல்லு. பாதை வேண்டாம்கிறியா?"

"வேண்டாம்னு சொல்லல. கேட்டுட்டுப் போடுங்கன்னு சொல்றேன்."

நரி உடனே குரலை உயர்த்தியது. "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? வேண்டாம்னு சொல்லலையாம். சந்தேகம்தான் இருக்காம். சந்தேகம் மறுப்பாகாது. தலைவரே, மூணாவதைக் கேளுங்க."

சொன்னது சரியாகத்தான் பட்டது. பன்றி இறங்கிப் போய், வெடித்த தரையில் மூக்கை வைத்தது. "பாதை போடலாமா? மறுப்பு உண்டா?" என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடித் திறந்து எழுந்தது. மண் ஒன்றும் சொல்லவில்லை.

"மௌனம் சம்மதம். முழு மனசோட முடிவாயிருச்சு" என்றது பன்றி.

சபை ஆரவாரம் செய்தது. எந்தக் கண்மாயில் இப்படிக் கேட்டுச் செய்கிறார்கள் என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே கலைந்தன. நாரை மட்டும் கிளையை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலையில் பன்றிக் கூட்டம் கண்மாய்க்குள் இறங்கியது. தலைவர் என்பதால் முதல் மண்ணைத் தோண்டும் உரிமை காட்டுப்பன்றிக்கு. கோரைப்பல்லைச் செருகி ஒரு பாளத்தைப் பெயர்த்தது. அதன் கீழே ஈர மண் இருந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியது. மூக்கில் எதுவோ இடித்தது. கிழங்கு என்று நினைத்து மண்ணை விலக்கியது.

அது ஆமை.

தலையும் காலும் உள்ளே இழுபட்டுக் கிடந்தன. பக்கத்தில் நத்தைகள், ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு கும்பலாகக் கிடந்தன. ஒரு தவளை தன் தோலுக்குள்ளேயே சுருண்டிருந்தது.

அந்த ஆமையைப் பன்றிக்கு நன்றாகத் தெரியும். போன மழைக்காலத்துச் சபையில் மடையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பாதி சபையைத் தூங்க வைத்த ஆமை அது. அன்று ஆமை பேசியது, சபை தூங்கியது. இன்று ஆமை தூங்குகிறது.

பன்றி குனிந்தது. "அண்ணே. ஆமையண்ணே. இங்கே ஒரு பாதை போடுறோம். சம்மதமா?"

ஆமை பேசவில்லை.

பன்றி இன்னும் கொஞ்சம் நின்றது. பின்னால் அதன் கூட்டம் காத்திருந்தது. வெயில் ஏறியது. ஆமை பேசவில்லை.

இந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கோரைப்பல்லை இறக்க முடியுமா? பன்றியால் முடியவில்லை. நேற்றும் இதே மூக்கை இதே தரையில் வைத்து இதே கேள்வியைத்தான் கேட்டது. நேற்று மண் மூடியிருந்தது. இன்று திறந்திருக்கிறது. வேறு வித்தியாசம் என்ன? அப்போதுதான் அதற்கு உறைத்தது. மூன்றாம் முறை மண்ணைப் பார்த்துக் கேட்பது மண்ணைக் கும்பிடுவதற்காக அல்ல. மண்ணுக்குள் இருப்பவர்களைக் கேட்பதற்காக. முன்னால் இருந்தவர்கள் உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள். கேட்டு, பதிலுக்கும் காத்திருந்திருக்கிறார்கள். பிறகு எப்போதோ யாரோ அவசரப்பட்டு எழுந்திருக்கிறார்கள். அடுத்து வந்தவர்களுக்கு எழுந்துகொள்வது மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

பன்றி ஈர மண்ணைத் தள்ளி ஆமையையும் நத்தைகளையும் தவளையையும் மூடியது. பெயர்த்த பாளத்தை மேலே எடுத்து வைத்தது.

"என்ன தலைவரே, பாறையா?" என்று கூட்டத்தில் ஒரு பன்றி கேட்டது.

"இல்லை. வேலையை நிறுத்துங்க. சபையைக் கூட்டணும்."

நடந்து வரும்போது இலுப்பையின் கீழே நின்று நாரையைக் கேட்டது. "மூணாவது கேள்வி எதுக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு நத்தை இருக்கிற இடம் தெரியும். சபைக் கேள்வியெல்லாம் உங்க பாடு" என்றது நாரை.

சபை மறுபடியும் கூடியது. எல்லா முகத்திலும் எரிச்சல். பன்றி நடந்ததை மறைக்காமல் சொன்னது. சொல்லி முடித்ததும் நரி எழுந்தது.

"முடிவு எடுத்தாச்சு. எடுத்த முடிவைத் தலைவரே மீறினா நம்ம சபைக்கு என்ன மரியாதை? நாளைக்கு அடுத்த கண்மாய்க்காரன் சிரிக்க மாட்டானா?"

"மீறல. முடிவே இன்னும் ஆகல. மூணு கேள்வி கேட்கணும், ரெண்டுக்குத்தான் பதில் வந்திருக்கு."

"மூணாவதுக்குப் பதில் எப்ப வரும்?"

"மழை பெய்ததும்."

சபையில் கூச்சல் கிளம்பியது. "ஒரு பாதைக்கு மழை வரைக்கும் காத்திருக்கிறதா?" "தலைக்கு வெயில் ஏறிருச்சு." "இவருக்குப் பதிலா வேற தலைவரைப் போடுங்க." பன்றியின் கூட்டத்திலிருந்தே ஒன்றிரண்டு முணுமுணுத்தன. இப்படி ஒரு அவமானத்தை அவை பார்த்ததில்லை.

கூச்சலுக்கு நடுவில் புள்ளிமான் முன்னால் வந்தது. அது வந்ததும் சபை அடங்கியது.

"பன்றியண்ணே, மண்ணுக்குள்ள தூங்குறவங்க உயிர் பெருசுதான். நான் இல்லைன்னு சொல்லல. மழை வர்ற வரைக்கும் நானும் என் பிள்ளையும் தினமும் தண்ணிக்கு எந்த வழியில போறது?"

இதற்கு நரியைப் போல வார்த்தையால் பதில் சொல்ல முடியாது என்று பன்றிக்குத் தெரியும். அது தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மானைப் பார்த்தது.

"கீழ்க்கரை வழியாத்தான் மதினி. ஆனா தனியா இல்லை. மழை வர்ற வரைக்கும் நாங்க முன்னால இறங்கி ரோட்டுல நிப்போம். நீங்க எல்லாரும் கடந்த பிறகுதான் நாங்க நகருவோம். லாரி வந்தா முதல்ல எங்களைத்தான் தாண்டணும்."

"தலைவரே" என்று முணுமுணுத்த பன்றிகளில் ஒன்று தொடங்கியது. பிறகு மானின் குட்டியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது.

மான் குட்டியின் நெற்றியை நக்கிக்கொடுத்தது. "சரி. காத்திருப்போம்" என்றது.

மானே சரி என்ற பிறகு மற்றவற்றால் என்ன சொல்ல முடியும்? நரி மட்டும் தன் வாலைத் தானே நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. காலையும் மாலையும் பன்றிகள் தார் ரோட்டின் குறுக்கே வரிசையாக நின்றன. லாரிகள் ஒலிப்பானை அலற விட்டன. பன்றிகள் நகரவில்லை. லாரிகள்தான் நின்றன. மானும் முயலும் கீரியும் அந்த வரிசைக்குப் பின்னால் கடந்து ஊருணிக்குப் போயின. ஒருநாள் நிற்காமல் ஓரமாக ஒதுங்கிப் போன லாரியின் சக்கரத்தில் தெறித்த கல், தலைவர் பன்றியின் முன்காலில் பட்டது. அன்றிலிருந்து அது கொஞ்சம் விந்தி நடந்தது. ஆனால் வரிசையில் அதன் இடம் காலியாக இருந்ததில்லை. வைகாசி, ஆனி, ஆடி என்று மாதங்கள் போயின. கண்மாய் உயிர் ஒன்றுகூட அந்த ரோட்டில் அடிபட்டுச் சாகவில்லை.

ஆவணியில் மழை வந்தது. நல்ல மழை. வெடிப்புகள் தண்ணீர் குடித்து மூடிக்கொண்டன. பள்ளங்களில் நீர் தேங்கியது. மழை விட்ட காலையில் கண்மாய்த் தரை அசைந்தது. முதலில் தவளைகள் கிளம்பின. பிறகு நத்தைகள் மூடியைத் திறந்தன. விரால் சேற்றை உதறிக்கொண்டு பள்ளத்தில் துள்ளியது. கடைசியில் ஆமை, அவசரமில்லாமல், ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து வைத்தது.

சபை இந்த முறை நீரோரத்தில் கூடியது. பன்றி விந்தி நடந்து வந்து, குனிந்து, தண்ணீருக்கு மேல் மூக்கை வைத்தது.

"சித்திரையில கேட்ட கேள்வி. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. வடகரையிலேர்ந்து தென்கரைக்குக் கண்மாய் நடுவுல ஒரு மேட்டுப் பாதை போடலாமா? மறுப்பு உண்டா?"

கேட்டதுதான் தாமதம். எல்லாத் தவளைகளும் ஒன்றாகப் பேசத் தொடங்கின. மாதக்கணக்கில் அடக்கி வைத்த பேச்சு. எது என்ன சொல்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. கீரி காதைப் பொத்திக்கொண்டது. "ஓட்டைவாயே தேவலை போலிருக்கே" என்றது.

"ஒவ்வொருத்தரா" என்று பன்றி கெஞ்சியது. தவளைகள் ஒருவழியாக அடங்கியதும் ஆமை பேசியது. வழக்கம்போல நீளமாகத்தான் பேசியது. ஆனால் இந்த முறை யாரும் தூங்கவில்லை.

"தம்பி, தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வருது? மேற்கே வரத்துக்கால்லேர்ந்து. மடை எந்தப் பக்கம்? கிழக்கே. நடுவுல மேடு போட்டா வர்ற தண்ணி மேற்கேயே நின்னுரும். கிழக்குப் பாதி தை மாசத்துக்கு முன்னாடியே காஞ்சிரும். அந்தப் பாதியில இருக்கிற நாங்க எங்கே போறது?"

"எங்கேயும் போக வேண்டாம். சேத்துலயே துள்ளிக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்" என்றது விரால். "அப்படிக் கிடந்தா யாருக்குப் பிடிக்க வசதின்னு யோசிச்சீங்களா?"

எல்லாத் தலைகளும் நரியின் பக்கம் திரும்பின.

"நான் போக்குவரத்தைப் பத்தித்தான் யோசிச்சேன்" என்றது நரி.

"நினைச்சேன். மழைக்கு முன்னாடி, மழைக்கு முன்னாடின்னு அவ்வளவு அக்கறையாச் சொன்னியே" என்றது முயல். சபை சிரித்தது. நரியும் வேறு வழியில்லாமல் கொஞ்சம் சிரித்தது.

பன்றி சிரிக்கவில்லை. அதன் முகம் வாடியிருந்தது. "அப்ப மறுப்புத்தான். பாதை இல்லை" என்றது. மானைப் பார்க்க அதற்குக் கூச்சமாக இருந்தது.

"பாதை வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றது ஆமை. "என்னைக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்னு முழுசாக் கேட்டுட்டுப் போ. மேற்கே போடு."

"மேற்கே முள்ளுக்காடு அண்ணே."

"முள்ளு மேலேதான். கீழே என்ன இருக்குன்னு மேல நடக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கே கீழே முழுக்கச் சரளை. கண்மாய் நிறைஞ்சாலும் அந்த மேட்டுக்குத் தண்ணி ஏறாது. எங்கள்ல ஒருத்தரும் அங்கே படுக்கிறதில்லை."

"ஏன்?" என்றது முயல்.

"முதுகு குத்தும்" என்றன நத்தைகள், மெதுவாக.

"முள்ளை நாங்க பாத்துக்கிறோம்" என்று பன்றிக் கூட்டத்திலிருந்து குரல்கள் எழுந்தன. சித்திரையில் முணுமுணுத்த பன்றியின் குரல்தான் அதில் பெரிதாகக் கேட்டது.

"வரத்துக்கால் குறுக்கே வருமே. அதை எப்படித் தாண்டுறது?" என்று மான் கேட்டது.

"ஓரிடத்துல அடியில பாறை கிடக்கு. நான் காட்டுறேன்" என்றது விரால். "அது மேல கல்லை விட்டு விட்டு வைங்க. காலும் நனையாது, தண்ணியும் நிக்காது, நாங்களும் இடையில போய் வருவோம்."

"சுத்து அதிகமாகுமே" என்றது கீரி.

மான் தன் குட்டியை ஒருமுறை பார்த்தது. "லாரி இல்லாத சுத்து. நடப்போம்."

பன்றி மறுபடியும் மூன்று முறை கேட்டது. தரையில் நின்றவை போடலாம் என்றன. கிளையில் இருந்தவை போடலாம் என்றன. நீரில் இருந்தவை போடலாம் என்றன. மௌனமாக இருந்தவர் ஒருவருமில்லை. ஒரு நத்தைக்கு மட்டும் ஒரு வேண்டுகோள் இருந்தது.

"சபை நடக்கும்போது நாரையம்மா எங்களைத் தின்னக் கூடாது. பேச வர்றதுக்குப் பயமா இருக்கு."

எல்லாம் நாரையைப் பார்த்தன. நாரை அலகைத் திறந்து, மூடி, யோசித்தது.

"சபை நடக்கும்போது தின்ன மாட்டேன். கலைஞ்ச பிறகு நீங்க கொஞ்சம் வேகமா நடந்துக்கோங்க."

நத்தைகளுக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டன. கண்மாயில் அதைவிட நல்ல ஒப்பந்தம் அவற்றுக்குக் கிடைத்ததில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. பன்றிகள் முள்மரங்களை வேரோடு சாய்த்தன. பல நாள் அவற்றின் முகமெல்லாம் முள். கீரியும் முயலும் சில்லு முள்ளைப் பொறுக்கின. சரளை வெளிப்பட்டது. மழை ஈரத்தில் மிதிக்க மிதிக்க அது இறுகிக் கெட்டித்தது. வரத்துக்காலில் ஆமைகள் தண்ணீருக்குள் நின்று முதுகால் முட்டுக்கொடுக்க, பன்றிகள் கல்லை உருட்டி வைத்தன. ஆளுக்கொரு யோசனை சொன்னன. ஆளுக்கொரு சண்டையும் போட்டன. நத்தைகளும் உதவிக்குக் கிளம்பின. அவை வந்து சேர்வதற்குள் பாதை முடிந்துவிட்டது. அதனால் முதலில் அதன் மேல் நடந்த பெருமையை அவற்றுக்கே கொடுத்தார்கள். அந்த நடைக்கு ஒரு பொழுது முழுதும் ஆயிற்று. சபை பொறுமையாகப் பின்னால் நின்றது. நாரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது. வரத்துக்கால் தண்ணீர் கல்லிடுக்குகளில் புகுந்து, மேற்கிலிருந்து கிழக்கே மடை வரை தடையில்லாமல் போய்த் தளும்பியது. நாரை நீருக்குள் நின்ற கருவேல மரத்தில் கூடு கட்டியது. அதன் குஞ்சுகள் எப்போதும் பசி என்று கத்தின. தாய் எப்போதும் எதையாவது கொண்டுவந்தது.

பங்குனியில் ஒருநாள், அடுத்த கண்மாயிலிருந்து ஒரு குரங்கு வந்தது. மேற்குப் பாதையில் மான் தன் குட்டியோடு தென்கரைப் பக்கம் மேயப் போய்க்கொண்டிருந்தது. குட்டி இப்போது தாய்க்கு முன்னால் துள்ளி ஓடியது. யாரும் அதை அதட்டிப் பின்னுக்கு இழுக்கவில்லை.

குரங்கு கரையில் உட்கார்ந்து பாதையை மேலும் கீழும் பார்த்தது.

"இதுக்கா ஆவணி வரைக்கும் காத்திருந்தீங்க? எங்க கண்மாயில நாங்களும் போன வருஷம் பாதை போட்டோம். நடுவுல, நேரா, அம்பு மாதிரி. எங்க தலைவர் காலையில சொன்னார், பொழுது சாய்றதுக்குள்ள ஆரம்பிச்சாச்சு. உங்க தலைவர் ஊர் பூரா கேட்டுட்டுத்தான் மூச்சு விடுவாராமே."

"ஆமா" என்றது மான். "எங்க சபையில தவளை முதற்கொண்டு எல்லாரும் பேசி முடிக்கணும். பேச ஆள் வரலைன்னா வர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்போம். கொஞ்சம் நேரம் ஆகும்தான்."

அதைச் சொன்னபோது மானின் கழுத்து நிமிர்ந்திருந்தது.

"சரி. நீ இவ்வளவு தூரம் எதுக்கு வந்த?" என்று மான் கேட்டது.

குரங்கு தலையைச் சொறிந்தது. நிறைந்து கிடந்த கண்மாயைப் பார்த்தது. பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னது.

"தண்ணி குடிக்க."

"குடி" என்றது மான். "நிறைய இருக்கு."

வாய் திறக்க முடியாத நிலையில் இருப்பவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கில் வைக்காமல், அவர் எழுந்து பேசும்வரை காத்திருந்து கேட்கும் ஊர் எதுவோ, அந்த ஊர் கட்டுவதுதான் நிலைக்கும்.